மூன்று நாளில் சென்னை: அம்மாவுக்கும் லீவு வேண்டாமா?



முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதுமே வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான். "அம்மா, லீவுக்கு எங்கே போறோம்?" பாட்டி ஊருக்குப் போகிறவர்கள் உண்டு, மலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் வெளியூர்க் குடும்பங்கள் பலவற்றிலும் கடைசியில் முடிவாவது, "பிள்ளைங்களுக்கு மெட்ராஸைக் காட்டிட்டு வந்துடலாம்" என்பதுதான். 1996-லேயே பெயர் சென்னை என்று மாறிவிட்டாலும், ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் அது மெட்ராஸ்தான்.

அப்பாவுக்குக் கிடைப்பது மூன்று நாள் லீவு, மிஞ்சிப் போனால் நான்கு. அதற்குள் மெரினா, வண்டலூர், மியூசியம், பாம்புப் பண்ணை, கபாலீசுவரர், வடபழனி, தி.நகரில் ஜவுளி, நடுவே இரண்டு சொந்தக்காரர் வீடு. கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஓட்டமும் நடையுமாகச் சுற்றிவிட்டு, நாலாம் நாள் காலை ஊரில் போய் இறங்கும்போது குழந்தைக்கு ஜுரம், அப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்கு முதுகு வலி. வீட்டுக்குள் நுழைந்ததும் மூட்டை அழுக்குத் துணி வேறு காத்திருக்கும். இதற்குப் பெயரா விடுமுறை?

சென்னையில் பல வருஷமாகக் குடித்தனம் நடத்தி, வருஷா வருஷம் மே மாதம் விருந்தாளிகளை வரவேற்று வழியனுப்புகிறவள் என்ற முறையில் இரண்டு விஷயத்தை அடித்துச் சொல்வேன். மூன்று நாளில் சென்னை முழுவதையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். அந்த மூன்று நாளில் குழந்தைகளுக்கு எத்தனை பங்கு உண்டோ, அத்தனை பங்கு அவர்களைப் பெற்றவளுக்கும் உண்டு. இரண்டாவதை நாம் யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் கிழமைக் கணக்கு. ஊருக்குக் கிளம்பும்போது நாம் சூலம் பார்க்கிறோம், ராகுகாலம் பார்க்கிறோம். போகிற இடம் அன்றைக்குத் திறந்திருக்குமா என்று மட்டும் பார்ப்பதில்லை! எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும், கிண்டி சிறுவர் பூங்காவுக்கும், அதை ஒட்டிய பாம்புப் பண்ணைக்கும் வழக்கமான விடுமுறை செவ்வாய்க்கிழமை. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை. கோடையில் சில சமயம் விடுமுறை நாளிலும் திறப்பார்கள், சில சமயம் பராமரிப்பு என்று மற்ற நாளிலும் மூடுவார்கள். அதனால் முதல் நாள் ஒரு போன் போட்டு விசாரித்துக் கொண்டால் அலைச்சல் மிச்சம். கோயில்களில் மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் பன்னிரண்டரை மணிக்கு மயிலாப்பூரில் போய் நின்று, சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

அடுத்தது திசைக் கணக்கு. ஒரு நாளைக்கு ஒரு திசை போதும். காலையில் வண்டலூர், மதியம் எழும்பூர், சாயங்காலம் தி.நகர் என்று போட்டால் பாதி நாள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கழிந்துவிடும். நான் வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்.

எழும்பூர் பக்கம் ஒரு நாள். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. பழைய மெட்ராஸ்காரர்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பெயர் 'உயிர் காலேஜ்'. குழந்தைகளிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியாது! ஆனால் ஒன்று, எல்லாக் கட்டடத்தையும் பார்த்தே தீருவது என்று கிளம்பாதீர்கள். சின்னக் குழந்தை என்றால் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைக் காட்டுங்கள், அதுவே ஒரு வாரம் பேசப் போதும். கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடத்துக்குக் கூட்டிப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் கையும் காலும் விரலும் இங்கே பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கும். "எத்தனை கை? எந்தக் கால் தூக்கியிருக்கு? காலுக்குக் கீழே யாரு?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை, பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.

கோட்டூர்புரம், கிண்டி பக்கம் ஒரு நாள். பிர்லா கோளரங்கம் 1988 முதல் அங்கே நடக்கிறது. இருட்டில் சாய்ந்து உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிற சுகத்தை நம் பிள்ளைகள் மொட்டைமாடியில்கூட இப்போது அனுபவிப்பதில்லை. தமிழிலும் காட்சி உண்டு, நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அதே சாலையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். அதில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வெயில் உச்சியில் இருக்கும்போது அங்கே போய்விட்டால் குழந்தைகள் படம் பார்த்துப் புத்தகம் புரட்டும், உங்களுக்கும் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார்ந்து இளைப்பாற முடியும். காசும் செலவில்லை. வெயில் தாழ்ந்தபின் கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும். பாம்புப் பண்ணை 1972-ல் ராமுலஸ் விட்டேகர் ஏற்படுத்தியது. எந்தப் பாம்புக்கு விஷம், எதற்கு இல்லை என்று குழந்தைகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டால், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது உயிர் காக்கிற படிப்பு.

மயிலாப்பூர், மெரினா பக்கம் ஒரு நாள். காலையில் வெயில் ஏறுமுன் கபாலீசுவரர் தரிசனம், மாட வீதியில் கொஞ்ச நேரம். மதியம் வீட்டில் தூக்கம். ஆமாம், தூக்கம்தான்! கத்திரி வெயிலில் மதியம் பன்னிரண்டில் இருந்து மூன்றரை வரை குழந்தைகளை வெளியே இழுத்துக்கொண்டு போவதில் ஒரு பெருமையும் இல்லை. பிற்பகலில் கடற்காற்று வீச ஆரம்பித்ததும் சாந்தோம் தேவாலயம், கலங்கரை விளக்கம், பிறகு மணல். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறிப் பார்க்க 2013-ல் இருந்து பொதுமக்களை மறுபடி அனுமதித்தார்கள். லிப்ட் இருக்கிறது. மேலே நின்று ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் ஊரையும் பார்த்த பிள்ளைக்குச் சென்னை எத்தனை பெரிசு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வண்டலூருக்குப் போவதானால் அதற்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1985-ல் நகரத்துக்குள் இருந்து அங்கே மாற்றிய பூங்கா அது. 600 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. நடந்து தீராது, பேட்டரி வண்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் அதற்குப் பக்கத்தில்தான். தாம்பரம் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்து பெட்டிகளை வைக்க இடம் கிடைத்தால், கிளம்புகிற நாளுக்கு வண்டலூரை வைத்துக்கொள்ளலாம். பார்த்து முடித்து அப்படியே ராத்திரி பஸ் ஏறிவிடலாம்.

இதில் எந்த மூன்றை எடுப்பது என்று குழந்தைகளைக் கேளுங்கள். ஆளுக்கு ஒன்று அவர்கள் சொல்லட்டும். தானே கேட்டு வாங்கிய இடத்தில் பிள்ளை சிணுங்காது.

நமக்குப் பழகிப்போய்ச் சலித்த சங்கதிகள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிசயம் என்பதையும் மறக்க வேண்டாம். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் 1931-ல் இருந்து ஓடுகிற மின்சார ரயிலில் ஜன்னலோரம் ஒரு சீட்டு கிடைத்தாலே அவர்களுக்குக் கொண்டாட்டம். மெட்ரோ ரயிலில் பூமிக்கு அடியில் போகலாம். பறக்கும் ரயிலில் வீட்டு மாடிகளுக்குச் சமமாகப் போகலாம், திருமயிலை நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் நமக்கு லாபம். கால் டாக்ஸிக்குக் கொடுக்கிற காசில் மூன்று நாளும் எல்லோருக்கும் இளநீர் வாங்கித் தந்துவிடலாம். காலை எட்டரை முதல் பத்தரை, மாலை ஐந்தரை முதல் எட்டு, இந்த நேரங்களில் மட்டும் கைக்குழந்தையோடு ரயில் ஏறாதீர்கள்.

தி.நகரைப் பற்றிச் சொன்னால் என் மேல் கோபப்படாதீர்கள். ரங்கநாதன் தெருவுக்குப் போகாமல் சென்னையை விட்டுக் கிளம்ப மனசு வராது, எனக்கும் தெரியும். ஆனால் புடவை எடுக்கிற கடையில் குழந்தைக்கு என்ன வேலை? நெரிசலில் கையை விட்டால் போச்சு. ஒரு காலை நேரத்தில், கடை திறந்த கையோடு, பெண்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள். அந்த நேரம் பிள்ளைகளை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கும் அது விடுமுறைதானே, பிள்ளைகளோடு தனியாக இருந்து பார்க்கட்டும்.

இனி நாம் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற விஷயம். வெளியே கிளம்புகிற நாளில் பெண்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை. "எங்கே போய் ஒதுங்கறது?" என்ற பயம். காலையில் ஒரு டம்ளர் காபியோடு சரி, சாயங்காலம் வரை வறண்ட தொண்டை. ஊர் திரும்பினதும் நீர்க்கடுப்பு, ஜுரம், ஆஸ்பத்திரி. இது சின்ன விஷயமே இல்லை, சகோதரிகளே. மெட்ரோ நிலையங்களிலும், அருங்காட்சியகம், நூலகம், உயிரியல் பூங்கா போன்ற இடங்களிலும் கழிப்பறை இருக்கிறது. ஒரு இடத்தை விட்டுக் கிளம்பும்போது, வருகிறதோ இல்லையோ, பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

கூட்டத்தில் குழந்தை தவறிப்போனால் என்ன செய்வது என்று போகுமுன்பே பேசி வையுங்கள். சட்டைப் பையில் அப்பா, அம்மா போன் நம்பர் எழுதின சீட்டு இருக்கட்டும். "காணாமப் போனா ஓடாதே, நின்ன இடத்திலேயே நில்லு, போலீஸ் மாமாகிட்டயோ, குழந்தையோட நிக்கிற ஒரு அம்மாகிட்டயோ சொல்லு" என்று சொல்லிக் கொடுங்கள். காலையில் கிளம்பும்போதே போனில் பிள்ளைகளை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் அன்றைக்குப் போட்டிருக்கிற சட்டை என்ன நிறம் என்று பதறாமல் சொல்லலாம். அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098. மெரினாவில் கால் நனைப்பதோடு சரி. அங்கே குளிக்கத் தடை இருக்கிறது, சும்மா இல்லை. அலையின் இழுப்பு அப்படி. நீச்சல் தெரிந்த பையன்களையே அந்தக் கடல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், கையைப் பிடிக்காமல் வேண்டவே வேண்டாம்.

தங்குகிற வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "மதினி, நாளைக்குக் காலைல நாங்க அஞ்சு பேரும் வர்றோம்" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் இந்த முனையில் இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு அறை பிளாட். அவள் வேலைக்குப் போகிறவளாக இருக்கலாம், வீட்டில் படுக்கையில் மாமியார் இருக்கலாம். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. விருந்தாளி வருவது சந்தோஷம்தான், நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு நாள் கூடி விளையாடினால் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் பத்து நாள் முன்னாடியே சொல்லுங்கள். வந்த இடத்தில் காய் நறுக்கவும் துணி மடிக்கவும் உங்கள் வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் கை கொடுக்கட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதானால், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அதைச் செய்வது யார் என்று ராத்திரியே முடிவாகட்டும். எப்போதும் பெண்கள்தான் என்று எழுதி வைத்திருக்கிறதா என்ன?

இன்னொன்றும் சொல்வேன். சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது அந்த வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். சென்னைக்காரிதானே, எல்லாம் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறீர்கள். சென்னைக்கு வாக்கப்பட்டு வந்து இருபது வருஷமாகியும் கலங்கரை விளக்கத்தைக் கீழே இருந்தே பார்த்த பெண்கள் இங்கே ஏராளம். மியூசியத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். வருகிறவர்களுக்கு வடிச்சுக் கொட்டுவதிலேயே அவர்களுடைய மே மாதம் ஓடிவிடும். "நீங்களும் வாங்க மதினி, சாயங்காலம் வந்து சேர்ந்து சமைச்சுக்கலாம்" என்று நீங்கள் கூப்பிட்டால் அவள் வராமலா இருப்பாள்?

உங்களையும் அப்படித்தான் கேட்கிறேன். மணலில் எல்லோரும் அலையில் நிற்கும்போது செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருப்பது யார்? ராட்டினத்தில் பிள்ளைகளும் அப்பாவும் ஏறும்போது கீழே நின்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? எடுத்த போட்டோவில் எத்தனையில் அம்மா இருக்கிறாள்? பையைக் காவல் காப்பதில் முறை போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிஷம் அவர், பத்து நிமிஷம் நீங்கள். இதைக் கேட்க வெட்கம் எதற்கு? அம்மா அலையில் நின்று சிரிப்பதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு காட்சிதான். வீட்டில் பார்க்காத அம்மாவை அவர்கள் அங்கே பார்ப்பார்கள்.

"அது சரி, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கடன உடன வாங்கி வர்றோம், எல்லாத்தையும் பார்த்துட வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். காசு கொடுத்து வந்திருக்கிறோம், விட்டுப்போனால் மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் ஒன்பது இடம் பார்த்த பிள்ளையிடம் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். ரயில், கடல், ஐஸ்கிரீம் என்று மூன்றுதான் சொல்லும். மற்ற ஆறு இடத்துக்கும் கொடுத்த காசும், கொடுத்த அலைச்சலும், வாங்கிய திட்டும் எங்கே போனது? மூன்றே இடம் என்றால் அந்த மூன்றும் முழுசாக நிற்கும். மீதி அடுத்த முறைக்கு ஒரு காரணமாக இருக்கட்டும்.

அரசுக்கும் மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. 2015-ல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறை திறந்தீர்கள், நல்ல காரியம். அதேபோல கடற்கரை, பூங்கா, பெரிய கோயில் சுற்றுவட்டாரம் எல்லாவற்றிலும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும், குடிதண்ணீரும், நிழலில் நாலு பெஞ்சும் வேண்டும். கட்டினால் மட்டும் போதாது, கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் தண்ணீரும் இருக்க வேண்டும், சாவி யாரிடமோ இருக்கக் கூடாது. எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று ரயில் நிலையத்திலும் கிளாம்பாக்கத்திலும் தமிழில் பெரிதாக ஒரு பலகை வைத்தால் எத்தனை குடும்பத்தின் ஒரு நாள் வீணாகாமல் தப்பும்!

இந்தக் கோடையில் கிளம்புகிற சகோதரிகள் பட்டியலை இப்போதே கையில் எடுத்து, பாதியை அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் 'மதியத் தூக்கம்' என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்குக் கீழே, நீங்கள் மட்டும் ஆசைப்பட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றையும் எழுதுங்கள். அது வெண்கல நடராஜராக இருக்கலாம், புத்தகக்கடையாக இருக்கலாம், கடலைப் பார்த்துக்கொண்டு யாரும் கூப்பிடாத அரை மணி நேரமாகவும் இருக்கலாம். என்ன எழுதினீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்களேன், படிக்கக் காத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, சென்னை